வாயாடி என்றொரு குற்றம்

ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ‘காமன் ஸ்கோல்ட்’ என்றொரு குற்றவாளி இருந்தாள். ‘இருந்தான்’ என்று எழுதவே முடியாது. அண்டை அயலாரோடு ஓயாமல் சண்டையிட்டு ஊரின் அமைதியைக் கெடுப்பவள் என்பது பொருள். சட்ட லத்தீன் இச்சொல்லைப் பெண்பாலுக்கு மட்டுமே வைத்திருக்கிறது என்று 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எழுதினார். நாற்காலியில் கட்டி நீரில் முக்கி எடுப்பதே தண்டனை. இங்கிலாந்தின் லெம்ஸ்டர் நகரில் 1809இல்கூட ஜென்னி பைப்ஸ் என்ற பெண்ணை அப்படி முக்கினார்கள்.

1829இல் வாஷிங்டனில் இதே குற்றத்துக்காகக் கூண்டில் நின்றவர் ஆன் ராயல். அறுபது வயது, பயண நூல்கள் எழுதியவர், அரசியல்வாதிகளையும் மதவாதிகளையும் கூர்மையாகச் சாடியவர். வீட்டருகே கூடிய கிறிஸ்தவ சபையினரோடு மோதினார். குற்றம் உறுதியானது. நீதிமன்றம் முக்குவதைக் கைவிட்டு 10 டாலர் அபராதம் விதித்தது. பத்திரிகையாளர் இருவர் அதைக் கட்டினார்கள். இங்கிலாந்தில் இக்குற்றம் நீக்கப்பட்டது 1967இல்தான்.

சொல்லால் எவரையும் காயப்படுத்த முடியாது என்று நான் வாதிடவில்லை. பெண்ணின் வசையும் வசைதான். தன்னைவிட எளியவர்மீது அது பாயும்போது அதை வீரம் என்று கொண்டாட மாட்டேன். ஆனால் தீங்குதான் கவலை என்றால், அதே தீங்கைச் செய்யும் ஆணுக்கும் அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். மேலும், அவள் சொன்னது உண்மையா என்ற கேள்விக்கு இந்தக் குற்றத்தில் இடமே இல்லை. எத்தனை முறை, எவ்வளவு உரக்க என்பதுதான் கணக்கு.

‘ஸ்கோல்ட்’ என்பதன் வேர், கவிஞரைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லான ‘ஸ்கால்ட்’ ஆகலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். நம் ‘அடங்காப்பிடாரி’க்குள் ஓர் ஊர்த்தெய்வம் இருக்கிறாள். அங்கே கவி, இங்கே தெய்வம், இரண்டுமே வசையாயின. வேரைத் தோண்டியெடுத்துப் பெருமைப்படலாம்தான். அது எனக்குப் போதவில்லை.

என் பெரியம்மாவை எங்கள் தெருவே வாயாடி என்றது. ரேஷன் கடை வரிசையில் நின்று, அரிசி எடை குறைகிறது என்று மாதந்தோறும் சத்தம் போடுவார். கூடப் போன நான், அவர் யாரோ என்பதுபோலத் தள்ளி நிற்பேன். வீட்டுக்கு வந்ததும், “ஏன் பெரியம்மா இப்படி மானத்தை வாங்குறீங்க?” என்று கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் பையைக் கீழே வைப்பார்.

எடை உண்மையிலேயே குறைந்ததா? எனக்குத் தெரியாது. எதிர்வீட்டில் தராசு இருந்தது. ஒருநாளும் நான் போய் அதை வாங்கி வரவில்லை.