இறுக்குவதா, இளக்குவதா?



இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவை இன்று, நவம்பர் 22-இல், நினைவுகூர்கிறோம். பாடகர் குழுவுக்கு என் வாழ்த்துகள். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது, இசைக்கருவிக்குள் சத்தமே போடாமல் கிடக்கும் ஒரு சிறு தோல்துண்டைப் பற்றி.

பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் முன்புற அடியிலும் துளை உண்டு. கீழே சட்டத்தில் நிற்கும் உலோக முளைகள் அதற்குள் நுழைந்து நிற்கும். மரமும் உலோகமும் நேராக உரசினால் கடகடக்கும் அல்லவா? அதனால் துளையின் இரு பக்கமும் கம்பளித் துணியை ஒட்டுவார்கள். பழைய பியானோக்கள் சிலவற்றில் மெல்லிய தோல். வாசிக்க வாசிக்க அது தேய்ந்து, கட்டை பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. முன்புற முளை பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். அதைச் சற்றே திருப்பிவிட்டால் துளை இறுகி ஆட்டம் நின்றுவிடும். ஆனால் திரும்பிய முளையின் விளிம்பு மிச்சமிருக்கும் தோலையும் தின்றுவிடும்.

நம் வீடுகளில் இதைத்தானே செய்கிறோம்? பிள்ளை கொஞ்சம் விலகினால் அதட்டி இறுக்குகிறோம். மருமகள் முகம் வாடினால் உறவினரைக் கூட்டி இறுக்குகிறோம். அன்பியக் கூட்டத்துக்கு வராதவரின் பெயரைப் பத்துப் பேர் முன்னால் சொல்கிறோம். ஆட்டம் நிற்கிறது, உள்ளே தேய்கிறது.

நல்ல கைவினைஞர் கட்டையை வெளியே எடுக்கிறார். தோலைப் பிடித்திருப்பது வச்சிரம், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. சுரண்டினால் மரமும் சேர்ந்து பெயரும். ஈரமும் சூடும் கொடுத்துக் காத்திருந்தால் பசை இளகித் தோல் கையோடு வரும். பிறகு புதுத்தோலை, மெத்தென்ற பக்கம் முளையைப் பார்க்கும்படி ஒட்டுகிறார். பசை அளவோடுதான், ஊறி மறுபக்கம் வந்தால் தோல் விறைத்துப்போகும். அளவெடுத்துச் செய்த மரத்துண்டைச் செருகிக் காயவிடுகிறார். கடைசியில் கட்டையைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

என் மனத்தைத் தொட்டது அந்த வச்சிரம்தான். இளகாத பசைகள் இன்று எத்தனையோ உண்டு. இருந்தும் பலர் இதையே எடுக்கிறார்கள், நாளை வேறொருவர் இதைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்று. முகம் தெரியாத ஒருவரின் கைகளுக்காக இரங்கும் இந்த மனம் நற்செய்தியின் மனம் என்றே நம்புகிறேன். சண்டையில் பேசும்போது, பின்னால் வருகிறவர் இளக்கவே முடியாத சொல்லைச் சொல்லிவிடாதீர்கள்.

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரோடு ஒப்புரவாகும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் நம்மைக் கேட்கிறார். இன்னும் சற்று நேரத்தில் காணிக்கை கொண்டுவரப் போகிறோம். நீங்கள் இறுக்கி வைத்திருக்கும் ஒருவரின் முகம் இப்போது நினைவுக்கு வந்திருக்கும். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். பழைய கணக்கு எதையும் கேட்காமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.