காலும் கணக்கும்

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பாட்டி பூ விற்கிறாள். இடது காலைப் புடவையால் மூடிக்கொண்டுதான் உட்காருவாள். யானைக்கால். ஒரு நாள் முழம் அளந்துகொண்டே சொன்னாள்:

"ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி ரத்தம் எடுத்தாங்க, தம்பி. பூச்சி இல்லேன்னாங்க. நல்ல சேதிதான். ஆனா கால் அப்படியேதானே இருக்கு? அதை ஒருத்தரும் கேக்கலே."

இரவில் வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்த நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் அதிகமாக உலவுகின்றன. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுப்பதை நிறுத்திய பிறகும் நோய் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்காகத்தான் 6, 7 வயதுக் குழந்தைகளையும் சோதிக்கிறார்கள்.

புழு ஒழிந்தாலும் பழுதான நிணநீர்க் குழாய்கள் சீராவதில்லை. கால் வீங்கியபடியே இருக்கும். அவ்வப்போது சுரம் வரும், நெறி கட்டும். தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தால் அந்த உபத்திரவம் குறையும். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும்.

'இருக்கிற பணமும் ஆட்களும் கொஞ்சம். இனி வரும் குழந்தைகளைக் காப்பதல்லவா முக்கியம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டி இன்னொன்றும் சொன்னாள்:

"மாத்திரையால என் கால் வடியாதுன்னு தெரியும். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் முழுங்கினேன்."

நோய் ஒழிந்தது என்கிற கணக்கில் அவளுடைய பங்கும் இருக்கிறது. தனக்குப் பயனில்லை என்று தெரிந்தே கொடுத்தவளுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2016-இல் யானைக்கால் நோயை ஒழித்த நாடு என்று இலங்கையை அது அங்கீகரித்தது. அந்த அங்கீகாரத்துக்குப் புழு குறைந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவும் வழி செய்திருக்கவேண்டும்.

ஆக, பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. ஒரே மனிதர் ஒரே வாசலில் நின்று இரண்டையும் செய்யலாம். விரலில் ஊசி குத்துகிறவர், "கால் எப்படியிருக்கு, பாட்டி?" என்று கேட்டால் போதும்.

இவ்வளவும் எழுதிவிட்டு யோசித்துப் பார்க்கிறேன். எத்தனையோ வருஷமாக அவளிடம் பூ வாங்குகிறேன். நானும் அதைக் கேட்டதில்லை.