குடிநீரும் ஹுகூகுல் இபாதும்



தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் நீர் எடுக்கும் துறையை அசுத்தப்படுத்துவது சாபத்தைத் தேடித்தரும் என்றும் எச்சரித்தார்கள். அந்த அசுத்தமாவது நாளடைவில் மழையில் கரைந்துவிடும். நிலத்தடிக்கு இறங்கிய குரோமியமும் உப்பும் எளிதில் போவதில்லை. அப்படியானால் அதன் பாவம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

ஆலங்காயத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல் தொழில்தான். அது ஹலாலான தொழில். செத்த ஆட்டின் தோலைக்கூடப் பதனிட்டுப் பயன்படுத்தலாமே என்று கேட்டவர்கள் நபியவர்கள். குற்றம் தொழிலில் இல்லை. கழிவை எங்கே விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும், கெட்டதைச் சீர்செய்யவும் வேண்டும் என்றது நீதிமன்றம். 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

சகோதரர்களே! தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறருக்குச் செய்த அநீதிக்காக எல்லா நன்மைகளையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு நிற்பவரைத்தான் நபியவர்கள் திவாலானவர் என்றார்கள். ஒருவரை அடித்தால் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஊர்க் கிணற்றைக் கெடுத்தவர் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவார்? இன்னும் பிறக்காத பிள்ளையிடம் எப்படி ஹலால் கேட்பார்?

உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். நாமோ ஒரு கையால் தண்ணீர்ப் பந்தல் வைத்துவிட்டு, மறு கையால் ஊற்றைக் கெடுக்கலாமா?

முதலாளிகளே, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்புங்கள். மழை இரவைப் பார்த்து ஓடையில் திறந்துவிடச் சொல்லாதீர்கள். தொழிலாளர்களே, சொன்னாலும் செய்யாதீர்கள். பாவத்தில் எந்த மனிதருக்கும் கீழ்ப்படிதல் இல்லை. விவசாயிகளே, மருந்து டப்பாவை ஏரியில் கழுவாதீர்கள். ஜமாஅத்தார்களே, கண்ணால் கண்டால், நம்மவர்தானே என்று மௌனமாக இருந்துவிடாதீர்கள்.

தண்ணீர் என்னும் அமானிதத்தைக் கெடாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.