விண்ணூலும் வினாவும்

கல்லூரியில் அடியெடுத்து வைத்திருக்கும் மாணவத் தோழர்கள் நம்மைக் கேட்கின்றனர்: "வானியற்பியல் கற்க எந்நூலைத் தொடங்குவது?"

ஸ்டீபன் ஹாக்கிங் 1988-இல் வெளியிட்ட 'காலத்தின் சுருக்கமான வரலாறு' ஒருவகை. அதில் சமன்பாடு ஒன்றே ஒன்று! படிக்க இனிக்கிறது, வியப்பூட்டுகிறது. வியந்தவன் சரிபார்க்க இயலுமோ? இயலாது, நம்பத்தான் வேண்டும். கேட்டதையெல்லாம் நம்பாதே என்று மேடையேறி முழங்கிடும் நாம், "ஹாக்கிங் கூறிவிட்டார்" என்று தலையாட்டினால், மாறியது ஆள்தானே, பழக்கம் மாறவில்லையே!

மற்றொரு வகை, கணக்கோடு வருவது. கரோல், ஆஸ்ட்லி இருவரும் எழுதிய பாடநூல் ஆயிரம் பக்கங்களுக்கும் மேல். அஞ்சற்க! நுண்கணிதமும் முதலாண்டு இயற்பியலும் அறிந்தவர் தொடங்கலாம். நாளுக்கு ஒரு பக்கம் நகர்ந்தாலும் நன்றே.

சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், விண்மீன்களின் உள்ளமைப்புப் பற்றி எடிங்டன் 1926-இல் வெளியிட்ட நூலைக் கற்றார். போற்றி அலமாரியில் வைத்தாரில்லை, கணக்கிட்டார். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலே அவர் போட்ட கணக்கு, வெண்குறுமீனின் நிறைக்கு எல்லை உண்டு என்றது. பின்னர்த் திருத்தமுற்ற அளவு, ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935-இல் இலண்டன் வானியல் கழகத்தில் அதனை எள்ளி நகையாடியவர் யார்? அதே எடிங்டன்! நூலாசிரியர் மறுத்தார், கணக்கு நின்றது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது.

ஹாக்கிங்கை ஒதுக்கிடச் சொல்கிறோமா? இல்லை. நாமே இருமுறை படித்தோம்; கலைப் பட்டம் பெற்ற நாம் கணக்கைக் கண்டால் வியர்ப்பவர்! எனினும், பயிற்சிக் கணக்குகள் உள்ள நூலொன்றை உடன் வாங்குக. விலை மிகுதியெனில் நால்வர் கூடி வாங்குக. முதற்கணக்கை மட்டும் தனித்தனியே போடுக.