யதுவின் வம்சத்தில் வந்தவன்

கேள்வி: சொந்த ஊர் கார்வேட்டிநகரம், வேலை பெங்களூருவில். ஊருக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நைனாவோடு வாக்குவாதம். மாந்தோப்பை விற்கவும் மாட்டார், ஆள் வைத்துப் பார்க்கவும் விடமாட்டார். திரும்பிப் போக பஸ் ஏறினால் அப்பாடா என்றிருக்கிறது. சித்தூர் தாண்டுவதற்குள் அவர் முகம் வந்து நெஞ்சை அடைக்கிறது. பெற்றவர் மேல் பாசமும் வெறுப்பும் இப்படிக் கலந்து வருவது பாவமா?

பதில்: இவருடைய ஊரிலேயே, திருப்பதி தேவஸ்தானம் பராமரிக்கும் கோயிலில், ருக்மிணி சத்யபாமாவோடு வேணுகோபால சுவாமி நிற்கிறார். அவர் பிறந்த குலம் எது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் யயாதி மன்னனுக்கு அகாலத்தில் மூப்பு வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, 'என் கிழத்தனத்தை வாங்கிக்கொண்டு உன் இளமையைக் கொடு' என்றான். மூத்தவன் யது முடியாது என்றான். கடைசிப் பிள்ளை பூரு சம்மதித்தான். அரசும் அவனுக்கே போனது. யதுவின் வழியில் யாருக்கும் முடி இல்லை என்று தகப்பன் சபித்தான். அந்த யதுவின் வம்சத்தில்தான் கண்ணன் பிறந்தான். தகப்பன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டாத மகனின் குலத்தைப் பகவான் ஒதுக்கவில்லை. கம்சனைக் கொன்ற பிறகு யயாதியின் சாபத்தைச் சொல்லித் தான் சிம்மாசனம் ஏறாமல், பாட்டன் உக்கிரசேனனை அதில் உட்கார வைத்தான். அதாவது, பழைய மனஸ்தாபத்தை இல்லையென்று மறைக்கவில்லை. அதற்காகப் பெரியவருக்குச் செய்ய வேண்டியதையும் விடவில்லை.

அவனுக்கும் பெற்றவர்களுக்கும் இடையே எல்லாம் சுமுகமாக இருந்ததா? சிறையிலிருந்து விடுவித்துக் காலில் விழுந்த பிள்ளைகளைத் தேவகியும் வசுதேவரும் உடனே கட்டிக்கொள்ளவில்லை என்கிறது பாகவதம். இவர்கள் உலகுக்கே நாதர்கள் என்று தெரிந்ததால் கை தயங்கிற்று. பிள்ளை நம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான் என்ற தயக்கம் எத்தனை வீடுகளில் இன்று கோபமாக வெளியே வருகிறது! பக்கத்தில் இருந்து உங்களுக்குப் பணிவிடை செய்ய முடியாமல் போயிற்றே என்று கண்ணன்தான் முதலில் பேசினான். அதன் பிறகே அவர்கள் அவனை மடியில் இருத்திக்கொண்டு அழுதார்கள்.

யசோதையின் மனக்குறை இன்னும் பெரிது. வளர்த்த பிள்ளை மதுரா போனவன் போனவன்தான். வெகுகாலம் கழித்து, சூரிய கிரகணத்துக்காகக் குருக்ஷேத்திரத்தில் கூடியபோதுதான் சந்திப்பு. கண்ணனுக்கும் பலராமனுக்கும் தொண்டை அடைத்துப் பேச்சே வரவில்லை. அவனுடைய ஒரு கல்யாணத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்ற அவளுடைய ஏக்கம் தீரத்தான் அவள் வகுளமாதாவாகப் பிறந்து, சீனிவாசனுக்காக நாராயணவனத்துக்குப் பெண் கேட்டுப் போனாள் என்பது திருமலை ஐதிகம். அந்தத் தாய்க்குத் திருப்பதி அருகே பேரூர்க் குன்றில் இருந்த பழைய கோயில் வெகுகாலம் சிதைந்து கிடந்து, 2022 ஜூன் மாதம்தான் குடமுழுக்கு கண்டது. அடுத்த முறை நைனாவையும் அழைத்துக்கொண்டு ஒரு தரம் போய் வரலாம்.

ஆகவே, மனம் கலங்குவது பாவமில்லை. அப்பா சொல்வதெல்லாம் நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. யயாதி கேட்டது நியாயமா என்ன?

ஆனால் தோப்பு விஷயத்தில் அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 சீசனில் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்து, சித்தூர் மாவட்டத்தில் பல்ப் ஃபேக்டரி வாசல்களில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசே தலையிட்டு விலை சொல்லும்படி ஆயிற்று. அப்படிப்பட்ட வருஷத்திலும் காயை ஏற்றிக்கொண்டு போய் நிற்கிறவருக்குத் தோப்பு வெறும் சொத்து இல்லை, ஊரில் அவருக்குள்ள மரியாதை அது. விற்பதா வேண்டாமா என்ற பேச்சை வந்த அன்றே எடுக்காமல், காலையில் அவரோடு தோப்பைச் சுற்றி வந்து, எந்த மரம் எந்த வருஷம் வைத்தது என்று கேட்கட்டும். மருந்து போடவும் காய் இறக்கவும் ஆள் வைப்பதானால், ஆளைப் பொறுக்குவதும் கூலி கொடுப்பதும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வீட்டைப் பையன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது சோற்றுக்கே கணக்குப் பார்க்கிறான். பெற்ற பிள்ளை மேல் புகார் கொடுத்தால் தெய்வக் குற்றம் ஆகுமா?

பதில்: ஆகாது. சக்தி இருந்தும் உடலாலும் பொருளாலும் தாய் தகப்பனைக் காப்பாற்றாத மகனுக்கு யமலோகத்தில் தண்டனை உண்டு என்று தேவகி முன்னால் நின்று சொன்னவனே கண்ணன்தான். குற்றம் யார் பக்கம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-இல் வந்தது. கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவன் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. மகனுக்குத் தானமாக வீட்டை எழுதிய ஒரு தாயின் வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் தாய்க்கே திருப்பியது. அங்கே, கடைசி வரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதிக் கொடுத்த தாள் தாயின் கையில் இருந்தது. எனவே கேள்வி கேட்டவர் முதலில் தம் பத்திரத்தை எடுத்து, அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். வரி இல்லாவிட்டாலும் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை தனியே உண்டு.

மனுவை ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம். விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பையன் அங்கே வந்து உட்கார்ந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று புரியவில்லையானால், மூத்த குடிமக்களுக்கான இலவசத் தொலைபேசி எண் 14567.