காணாத மழையும் கேட்க வேண்டிய சொல்லும்

மூலனூர்ப் பகுதி வறண்ட பூமி. முருங்கையை நம்பியும், எப்போதோ பெய்யும் மழையை நம்பியும் வாழும் மக்கள் நாம். இம்மண்ணில் வளர்ந்தவனுக்கு, கொட்டும் அருவியின் கீழ்த் தலையைக் கொடுத்து நிற்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. நெடுநாள் தாகம் தீர்வது போன்றது. வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசியிலும் இயந்திர இரைச்சலிலும் கழித்த இளைஞன், சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, நண்பர்களோடு வேன் பேசி, ஞாயிறன்று தாராபுரம், உடுமலை வழியாகத் திருமூர்த்தி மலைக்குப் புறப்படுகிறான். அவன் மகிழ்ச்சியைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. ஓய்வு என்பது உழைப்பவனுக்கு முதலாளி தரும் சலுகை அன்று. அது இறைவன் வகுத்த ஒழுங்கு.

ஆயினும் அங்கே ஓர் அறக்கேள்வி காத்திருக்கிறது. அடிவாரத்தில், "இன்று அருவிக்கு அனுமதி இல்லை" என்று காவலர் மறிக்கிறார். அண்ணாந்து பார்த்தால் வானம் தெளிவாக இருக்கிறது. வாடகை கொடுத்தாயிற்று, அடுத்த ஞாயிறு கிடைக்குமோ, தெரியாது. "என் உயிர், என் விருப்பம். தடுக்க இவர் யார்?" என்ற எண்ணம் எழுகிறது. இவ்வெண்ணம் நியாயமானதா?

அமணலிங்கேசுவரர் கோவிலுக்கு மேலே, மலைப்பாதையில் ஏறிச் சென்றால் பஞ்சலிங்க அருவி. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடுகள் அதைச் சூழ்ந்துள்ளன. அருவியில் விழும் நீர் அங்கே பெய்த நீர் அன்று. குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக் குடியிருப்புகளை ஒட்டிய உயர்ந்த காடுகளில் பெய்வது, பல ஓடைகளாய்த் திரண்டு கீழே வருகிறது. மேலே கொட்டித் தீர்க்கும் மழையைக் கீழே குளிப்பவன் காண்பதில்லை. அதன் ஓசையையும் கேட்பதில்லை. வெயிலில் நின்றிருப்பவன்மேல் சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டு இவ்வருவியில் வந்த திடீர் வெள்ளம் பல உயிர்களைக் கொண்டு சென்றது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறே அடித்துச் செல்லப்பட்டான்.

ஆக, இங்கே நம் கண்ணே நம்மை ஏமாற்றும் சாட்சி. அறிவுக்கூர்மை உள்ளவனும் தான் நிற்கும் இடத்திலிருந்து அபாயத்தை அறிய இயலாது. 13ஆம் நூற்றாண்டின் இறையியல் மேதை புனித தோமா அக்குவினாஸ், முன்மதி என்னும் நற்பண்பின் கூறுகளை ஆராய்கையில், நினைவாற்றல், தொலைநோக்கு, எச்சரிக்கை ஆகியவற்றோடு, பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவையும் சேர்த்துச் சொல்கிறார். நடைமுறை வாழ்வின் நுட்பங்கள் எண்ணற்றவை. எவனும் தனியே அனைத்தையும் அறிய முடியாது என்பது அவர் தரும் காரணம். மேலே நிற்பவன் அறிந்ததைக் கீழே நிற்பவன் கேட்டே அறியவேண்டும். எனவே விசில் ஊதும் காவலருக்குக் கீழ்ப்படிவது அடிமைத்தனம் அன்று. அறிவின் ஒரு வகையே அது.

"ஆண்டவன் காப்பார்" என்று சிலர் துணிவர். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்குமாறு சோதிக்கப்பட்டபோது இயேசு மறுத்ததை நாம் அறிவோம். நம்பிக்கை வேறு, இறைவனைச் சோதித்தல் வேறு. வீரத்திற்கும் இதே அளவுகோல் பொருந்தும். கோழைத்தனத்துக்கும் முரட்டுத்துணிச்சலுக்கும் நடுவே நிற்பதே வீரம் என்றார் அரிஸ்டாட்டில். கைத்தட்டலுக்காகப் பாறை உச்சியிலிருந்து ஆழம் அறியாத மடுவில் பாய்பவன் அந்த நடுநிலையில் நிற்பதில்லை.

மேலும், "என் உயிர்" என்னும் சொல்லே முழு உண்மை அன்று. அவனைக் காக்கக் குதிப்பவனின் உயிரும், அவன் சம்பளத்தை எதிர்பார்க்கும் தாயின் வாழ்வும் அதில் பிணைந்துள்ளன.

இதனால் பொறுப்பு முழுவதும் செல்பவன் தலையில் விழுகிறது என்று கொள்ளலாகாது. நுழைவாயிலைப் பூட்டுவது எளிது. மேல்மலையின் மழைச்செய்தி உடனே கீழே வந்து சேரவும், பாதையில் பிடிமானக் கம்பிகள் உறுதியாய் நிற்கவும், போதிய காவலர் இருக்கவும் வழி செய்வது பொறுப்பில் உள்ளோர் கடமை. ஏழையின் ஒரே விடுமுறை நாளும் மதிப்புடையது என்று நம்பும் சமுதாயமே அக்கடமையைச் செய்யும்.

செல்வோர் நினைவில் கொள்ளவேண்டியவை சில. தெளிந்த நீர் கலங்கினாலும், இலைச் சருகும் சுள்ளியும் அடித்துவரத் தொடங்கினாலும், இரைச்சல் கூடினாலும், உடைமைகளைத் தேடாமல் உடனே கரையேற வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டை நாடவேண்டும். பெருகும் ஓடையைக் கடக்கலாகாது. பாசி படிந்த பாறையில் ஏறுவதும், மது அருந்தி நீரில் இறங்குவதும் ஆகா. குழந்தைகளின் கை எப்போதும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

புறப்படும் முன்பே நண்பர்கள் தமக்குள் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்வது நன்று: "அனுமதி இல்லை என்றால் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம், வாடகை போனால் போகட்டும்." வேன் வாடகையை மறுவாரம் உழைத்து மீட்டுக்கொள்ளலாம்.