பொய் சேராத மருந்து

நோயாளியிடம் அவனுடைய நோயின் பெயரை மறைக்கலாமா? மறைக்கலாம், மறைப்பதுதான் அன்பு என்று நம் ஜனங்கள் வெகு காலத்துக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கோயமுத்தூர், ஈரோடு ஆஸ்பத்திரிகளில் இது தினசரி நடக்கிற காரியம். கணவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மனைவி மட்டும் முன்னால் டாக்டரிடம் போவாள். "எங்கூட்டுக்காரருக்கு அது தெரியாதுங்க. ரத்தக் குறைவுன்னு சொல்லி வெச்சிருக்கோமுங்க. நீங்களும் அப்படியே சொல்லிப் போடுங்க" என்று கும்பிடுவாள்.

அந்தக் கும்பிடைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கதை எழுதிப் பிழைக்கிறவன் பொய்யைப் பற்றிக் கடுமையாகப் பேசுவது அழகும் அல்ல. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் மெய்யின் பந்தியில் உட்கார வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். ஆகவே, நாம் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பொய் குற்றமற்ற நன்மையைத் தருகிறதா?

நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அது வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களில் போய்விடுவார்கள். போகிறவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அப்போது வாதாடலாம். இன்று அந்த வாதம் நிற்காது. 1960ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று 1973ல் ஜேனட் ரௌலி என்ற அம்மையார் கண்டுபிடித்தார். அந்த மாற்றத்தில் பிறக்கிற ஒரு புரதம், 'பெருகு, பெருகு' என்று அணுக்களுக்கு ஓயாமல் உத்தரவு போடுகிறது. அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிற மாத்திரைதான் இமாட்டினிப். 2001ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களில் பலர் இன்று மற்றவர்களைப் போலவே ஆயுளோடு இருக்கிறார்கள்.

இந்த மாத்திரை நம் ஏழைக்கு எட்டியதே ஒரு பெரிய வழக்குக்குப் பிறகுதான். நோவார்ட்டிஸ் கம்பெனி 1998ல் சென்னைப் பேடண்ட் ஆபீசில் மனுப் போட்டது. 2006ல் அது தள்ளுபடியாயிற்று. கடைசியில் 2013 ஏப்ரல் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேடண்ட் கிடையாது என்று தீர்ப்பளித்தது. அந்த வருஷங்களில் கம்பெனி மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்; நம் நாட்டில் தயாரானது 8,000 முதல் 10,000 ரூபாய். கம்பெனி பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது உண்மைதான். ஆனால் தானம் வேறு, உரிமை வேறு அல்லவா?

இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்குள் கொண்டுவந்த மாத்திரையை வீட்டுக்குள்ளேயே தோற்கடிக்க ஒரு சின்னப் பொய் போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எப்படி என்று பாருங்கள். வைத்தியத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து கொடுப்பவன் என்று நான்கு அங்கம் சொன்னார் வள்ளுவர். இந்த வைத்தியத்தில் முதல் அங்கமும் நான்காவது அங்கமும் ஒரே ஆள். நர்ஸ் இல்லை, ஊசி இல்லை. சமையலறை அலமாரியிலிருந்து தினம் தானே எடுத்து விழுங்க வேண்டும். மருந்து கொடுக்கிறவனிடமே அது எதற்கென்று மறைத்தால் வைத்தியம் எப்படி நடக்கும்?

ரத்தக் குறைவு என்று நம்பியிருக்கிறவருக்குச் சில மாதத்தில் ரத்தக் கணக்கு சரியாகிவிடுகிறது, உடம்பும் தேறிவிடுகிறது. குறை தீர்ந்த பிறகு மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார். அவர் முட்டாள் அல்ல. நாம் சொன்ன பொய்க்கு அவருடைய முடிவு முற்றிலும் பொருத்தமானது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறார், விரதம். மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சாப்பாடு இல்லாததால் மாத்திரையும் இல்லை. இன்னொரு சமயம் கண் இமை வீங்குகிறது, கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. மாத்திரையின் தொந்தரவு அது. டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. ரத்தக் குறைவு மாத்திரைக்காக யார் கோயமுத்தூர் வரை பஸ் ஏறுவார்கள்?

2010ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புட்டியின் மூடி எப்போது திறக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளும் கருவியைப் பொருத்தி, 87 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வேளைக்கு மேல் சாப்பிட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் நோய் ஆழமாக அடங்கியிருந்தது. அதற்கு மேல் தவறியவர்களில் கால்வாசிக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் அப்படி அடங்கிற்று. மாதத்தில் மூன்று நாள் என்பது நமக்கு அற்பம். அந்தப் புரதத்துக்கு அது அற்பம் அல்ல.

இனி நோயாளி சொல்கிற பொய். "தவறாமச் சாப்பிடறேனுங்க" என்பார். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம்தான். அதை நம்பி, மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றக்கூடும். உண்மையைச் சொல்லியிருந்தால் முறை எளிது: விட்டுப்போன வேளைக்காக மறுநாள் இரண்டாக விழுங்கக் கூடாது, வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. அப்படியே, காசநோய்க்குத் தருகிற ரிஃபாம்பிசின் இமாட்டினிப்பின் பலத்தைக் குறைக்கும். வேறு சில மருந்துகள் அதை உடம்பில் மிகுதியாகத் தேங்க வைக்கும். நாட்டு மருந்து உட்பட எதையும் ஒளிக்காமல் சொன்னால்தான் டாக்டர் காப்பாற்ற முடியும். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நடப்பதும் ஆகாது. இதே நோய்க்குத் தருகிற நிலோட்டினிப் காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்! மருந்தை நிறுத்தவே முடியாதா என்றால், பல வருஷம் நோய் ஆழமாக அடங்கியிருக்கிற சிலருக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதற்கும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும்; நோய் தலைகாட்டினால் மறுபடி தொடங்க வேண்டும். தானாக நிறுத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையைக் கேட்டு மனசு உடைந்துபோனால்? நியாயமான பயம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. நோயின் பெயரோடு, அதை அடக்கும் மருந்து இருக்கிறது என்ற செய்தியையும் சேர்த்தே சொல்லலாம். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்று நோயாளியே கேட்டுக்கொண்டால் அது அவர் உரிமை. அவருக்குப் பதிலாக நாம் அப்படித் தீர்மானிப்பது அன்பல்ல, அதிகாரம். அப்போதும், டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாத மாத்திரை இது என்பதையாவது அவர் அறிந்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையானது கல்யாண விஷயம். பெண்ணுக்கு இந்த நோய் என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் அவள் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைக்கிறாள். ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். கர்ப்பமான சமயத்தில் இந்த மாத்திரை சிசுவுக்குக் கெடுதல் செய்யக்கூடும். குழந்தை வேண்டுமானால் முன்கூட்டியே டாக்டரோடு கலந்து திட்டமிட வேண்டும். புருஷனுக்கே தெரியாமல் எதைத் திட்டமிடுவது? வள்ளுவர் கொடுத்த இடம் இந்தப் பொய்க்குப் போதாது. உண்மையைச் சொன்னால் ஒரு சம்பந்தம் தட்டிப்போகலாம், போகட்டும். அவள் மாத்திரையை எல்லோர் கண்ணெதிரிலும் விழுங்கக் கூடிய வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.